பத்தொன்பது முறை மாற்றிய பியானோ

லிஃப்ட் கம்பெனியில் அவளைச் சர்க்யூட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்ட் எந்த மாடியில் நிற்க வேண்டும், கதவு எத்தனை நொடி திறந்திருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் சின்னச் சர்க்யூட் பலகைகளுக்கு மென்பொருள் எழுதுவது அவள் வேலை. சங்கீதத்துக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். வீட்டுக்கு வந்த சங்கீதம் மொத்தத்தையும் தம்பியே எடுத்துக்கொண்டான் என்பாள்.

தம்பி அவளைவிட ஆறு வயது இளையவன். பெற்றோர் போன பிறகு கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டே இருவரும் நாற்பதைத் தாண்டியிருந்தார்கள். மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. அவன் ஒரு ஹோட்டலின் முன்கூடத்தில் பதினொரு வருடம் பியானோ வாசித்தான். ஹோட்டல் கைமாறியதும் புதிய முதலாளி பியானோவை விற்றுவிட்டு அந்த இடத்தில் காபிக் கடை போட்டார். அதே மாதம்தான் அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட வராமல் போனது. முன்கையிலும் விரல்களிலும் தசை கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழக்கும், நிறுத்த மருந்தில்லை, விரலுக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றார் மருத்துவர்.

வீட்டுக்கு வந்து அவன் அதைச் சொன்ன விதம்தான் அவளால் தாங்க முடியாதது. “நல்லவேளை, பியானோ முந்திக்கிச்சு. இல்லன்னா அவங்க என்னைத்தான் முதல்ல அனுப்பியிருப்பாங்க.”

நிஜப் பியானோவை அந்தப் படிக்கட்டில் ஏற்ற முடியாது. ஏற்றினாலும் வைக்க இடமில்லை. அவள் தேடிப்பிடித்து ஒரு மென்பொருள் வாங்கினாள். பதிவு செய்த ஒலியைத் திருப்பிப் போடுகிற வகை அல்ல அது. சுத்தியல் கம்பியைத் தட்டுவதையும், கம்பி அதிர்வதையும், அந்த அதிர்வு பியானோவின் மரப்பலகைக்குள் பரவுவதையும் அந்தந்த நொடியில் கணக்கிட்டு ஒலியை உண்டாக்குவது. ஆனால் அதற்கு லேப்டாப் வேண்டும், நாலு ஒயர் வேண்டும், நடுவில் அதன் விசிறி உறுமும். இரண்டே நாளில் அவனுக்கு அலுத்துவிட்டது. வாசிக்க உட்கார்ந்தால் பாஸ்வேர்டு கேட்கிற பியானோவை இப்போதுதான் பார்க்கிறேன் என்றான்.

லேப்டாப்பே இல்லாமல் எல்லாவற்றையும் கீபோர்டுக்குள் வைத்துவிடுவது என்று அவள் முடிவு செய்தாள். கட்டைகள் நன்றாக இருந்து உள்ளே எல்லாம் செத்துப்போன ஒரு பழைய கீபோர்டை வாங்கி, வயிற்றைச் சுத்தமாகக் காலி செய்தாள். உள்ளங்கை அளவுக் கணினிப் பலகை ஒன்றை அதில் பொருத்தினாள். சொல்லும்போது சுலபம், செய்யும்போது தலையால் தண்ணீர் குடித்தாள். கட்டையை அழுத்தியபின் ஒலி வர நொடியில் நூற்றில் ஒரு பங்கு பிந்தினாலும் அவன் கண்டுபிடித்துவிடுவான். பின்னால் யாரோ உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்பான். பலகை சூடேறித் திணறியது. விசிறி வைத்தால் சத்தம் கேட்கும் என்று அடியில் அலுமினியத் தகடு பதித்தாள். பதினான்கு மாத ஞாயிற்றுக்கிழமைகள் போயின. கடைசியில், ஸ்விட்சைப் போட்டால் பதினோரு விநாடியில் பியானோ தயார். அன்று அவன் பகல் முழுக்க வாசித்தான். பியானோவை எப்போது மேலே ஏற்றினீர்கள், நாங்கள் பார்க்கவே இல்லையே என்று கேட்டுக் கீழ்வீட்டு அம்மா படியேறி வந்தார்.

அடுத்த ஏழெட்டு மாதம் அந்த வீட்டில் நல்ல காலம்.

ஒரு நாள் மதியம் பாதியில் நிறுத்திவிட்டுக் கூப்பிட்டான். “அக்கா, உன் மிஷின் சோர்ந்துபோச்சு. எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் எழும்ப மாட்டேங்குது. பாரேன்.”

அவள் திறந்து பார்த்தாள். இயந்திரத்தில் கோளாறு எதுவும் இல்லை. ஒவ்வொரு கட்டையும் எவ்வளவு வேகத்தில் அழுத்தப்பட்டது என்று அது எண்களாகக் குறித்து வைத்திருந்தது. மாதத்துக்கு மாதம் அந்த எண்கள் இறங்கியிருந்தன. திரும்பிப் பார்த்தாள். அவன் டீயை ஊதிக்கொண்டு, சரியாகிவிடும் என்ற நம்பிக்கையோடு காத்திருந்தான். உண்மை வாய் வரை வந்தது. வெளியே வந்தது வேறு.

“சென்சார்ல தூசி.”

எவ்வளவு அழுத்தத்துக்கு எவ்வளவு ஒலி என்று மென்பொருளில் ஒரு வரைகோடு உண்டு. அதைச் சற்றே உயர்த்தினாள். இனி மெல்லத் தொட்டாலும் பழைய ஒலியே வரும். அவன் வாசித்துப் பார்த்துவிட்டு, இப்போது ஜோர் என்றான்.

பிறகு அவன் கேட்கக் காத்திருக்கவில்லை. அவன் கைப்பயிற்சிக்குப் போகும் நேரங்களில் தானே திறந்து, தானே ஒரு படி உயர்த்தி, மூடிவைத்தாள். ஒவ்வொரு முறையும் தேதி போட்டு மென்பொருளின் கோப்பிலேயே எழுதினாள். லிஃப்ட் வேலையில் வந்த பழக்கம்.

ஹோட்டல் நாட்களில் அவனோடு வாசித்த வயலின்காரர் ஒருவர் ஒரு நாள் பார்க்க வந்தார். அவன் வாசித்ததைக் கேட்டுவிட்டு, இந்தக் கையை வைத்துக்கொண்டா வீட்டில் உட்கார்ந்திருக்கிறாய் என்று கடிந்துகொண்டார். அடுத்த சனிக்கிழமை ஓர் இசைப்பள்ளித் தலைமையாசிரியைக்கு ஓய்வு விழா, பெரிய அரங்கு, மேடையிலேயே நல்ல பியானோ இருக்கிறது, கூட வாசி என்றார். தம்பியின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவள் வருடக்கணக்கில் பார்த்ததில்லை.

நடுவில் நான்கு நாள் இருந்தது. நம் கீபோர்டையே எடுத்துப்போகலாம் என்று மட்டும் அவள் சொல்லிப் பார்த்தாள். அங்கே யானை மாதிரிப் பியானோ நிற்கும்போது டப்பாவைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்கிறாயா என்று சிரித்தான். ஒத்திகையும் வீட்டிலேயே நடந்தது. ஒவ்வொரு காலையும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று எழுந்தாள். அவன் ஹோட்டல் நாட்களின் கறுப்புக் கோட்டைத் துலக்கிக்கொண்டிருந்தான்.

அரங்கில் முந்நூறு பேர் இருந்தார்கள். மெல்லத் தொடங்கும் பகுதியிலேயே தெரிந்துவிட்டது. நிஜப் பியானோவில் போதிய வேகம் இல்லாவிட்டால் சுத்தியல் கம்பியை எட்டாது. கட்டை இறங்கும், ஒலி இருக்காது. அவன் விரல்கள் சரியான இடங்களுக்குப் போயின. ஐந்தில் ஒன்று ஒலித்தது. வயலின்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு திரும்பவில்லை, வேகத்தைக் குறைத்துக்கொண்டார். அவன் எழுந்து வந்துவிடவில்லை. கடைசிக் கட்டைவரை வாசித்தான். எல்லோரும் இரக்கத்தோடு கைதட்டினார்கள். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

வீடு திரும்பியதும் அவன் கோட்டைக்கூடக் கழற்றாமல் கீபோர்டின் முன் உட்கார்ந்து, ஒரே ஒரு கட்டையை மெல்ல அழுத்தினான். அறை நிறைய ஒலி எழுந்தது.

“எத்தனை தடவை மாத்தினே?”

“பத்தொம்பது.”

அவன் தலையாட்டினான். “நான் தேறிட்டு வர்றேன்னு நெனச்சேன்க்கா.”

அவள் அழுதாள், மன்னிப்புக் கேட்டாள். அவன் திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். பதினோரு நாள் அவளிடம் சாப்பாடு, மருந்து தவிர வேறெதுவும் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் காலையில், அவள் வேலைக்குக் கிளம்பும்போது, முதலில் எப்படி இருந்ததோ அப்படியே வைத்துவிடு என்றான். வேண்டாமடா, இனிமேல் உனக்குச் சொல்லிவிட்டே மாற்றுகிறேன் என்று கெஞ்சினாள்.

“வேண்டாம். எனக்கு என் கை கேக்கணும்.”

வைத்தாள். அன்றிலிருந்து காலைதோறும் வாசித்தான். அடுப்படியில் நின்று அவள் கேட்பாள். இரண்டு சுரம் வரும், மூன்று வராது. வராத இடத்தையும் தாளம் தவறாமல் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவான். சில வாரத்தில் மிச்சமிருக்கும் விரல்களுக்கு ஏற்ற மெட்டுகளைத் தானே கட்டத் தொடங்கினான். பேச்சும் மெல்ல மெல்லத் திரும்பியது. பழைய கேலி மட்டும் பாதிதான் வந்தது.

அடுத்த மழைக்காலத்தில் இடது கை நின்றது, கோடைக்குள் வலதும். அதன்பின் அவன் சொல்லச் சொல்ல அவள் அழுத்தினாள். அந்தக் கறுப்புக்கு இந்தப் பக்கம், இல்லை, அடுத்தது என்று அவன் கண்ணாலேயே காட்டுவான். ஒரு வரி மெட்டைப் பிடிக்க அவளுக்கு ஒரு மாதம் ஆனது. அழுத்தி அழுத்தித் தட்டுவாள்.

“மெதுவாக்கா. லிஃப்ட் பட்டன் இல்ல அது.”

அன்று இருவரும் சிரித்தார்கள். மூன்றாம் வாரம் அவனுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தான். ஆறாம் நாள் காலை, அவள் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் போய்விட்டான்.

கீழ்த்தளத்தில் இறப்புப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தவர் வயது கேட்டார், உறவு கேட்டார். பிறகு தொழில் கேட்டார்.

“பியானோ வாசிக்கிறவர்” என்றாள்.

கடைசியாக வேலையில் இருந்தாரா, இல்லை முன்பு வாசித்தவரா என்று அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

“வாசிக்கிறவர்னே போடுங்க.”

அவர் அப்படியே எழுதினார். கட்டத்துக்குள் இடம் போதாமல் கடைசி எழுத்துகள் அடுத்த கட்டத்தில் நெருக்கிக்கொண்டு நின்றன. அவள் கீழே கையெழுத்துப் போட்டாள்.