தேய்த்தவன் கை

இங்கிலாந்தில் நான் குடியிருக்கும் சிற்றூரில் சனிக்கிழமைதோறும் ஒன்பது கிழவர்கள் சம்பளமில்லாத வேலைக்கு வருவார்கள். முதல்முறை பார்த்தபோது, கோர்ட்டில் தண்டனை வாங்கியவர்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஊருக்கு வெளியே, ஒரு காலத்தில் வைக்கோல் அடுக்கியிருந்த பெரிய தகரக் கொட்டகை. உள்ளே உலகப்போர்க் காலத்து டாங்கிகளும் கவச வண்டிகளுமாக ஏழெட்டு நிற்கின்றன. அரசாங்கத்தின் சொத்தும் இல்லை, ராணுவத்தின் சொத்தும் இல்லை. ஓய்வுபெற்ற தபால்காரர், பள்ளிக்கூட வாத்தியார், பால்வண்டி ஓட்டியவர் என்று ஊர்க்காரர்களே சேர்ந்து பழுதுபார்த்து நடத்தும் அருங்காட்சியகம். வாசலில் இருக்கும் நோட்டில் பெயரையும் வந்த நேரத்தையும் எழுதுவார்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த டீக் கோப்பையை ஆணியில் மாட்டுவார்கள். பிறகு, எழுபத்தைந்து வயதில், சில்லிட்ட சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்துத் துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்டுவார்கள். சாயங்காலம் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து "லவ்லி டே" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதில் எது லவ்லி என்று ஆறு வருஷமாகியும் எனக்குப் பிடிபடவில்லை.

பிடிபடாமலேயே நானும் பத்தாவது ஆளாகச் சேர்ந்துவிட்டேன். அதற்குக் காரணம் உண்டு. உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் ரோட்டில் நானும் என் தம்பி தணிகாசலமும் ஷெட் வைத்திருந்தோம். டிராக்டர், லாரி எது வந்தாலும் இன்ஜின் வேலை எனக்கு, டிங்கரிங் வேலை அவனுக்கு. கூட்டம் சேர்ந்தால் இருவருக்கும் எல்லா வேலையும். என் மனைவி கோமதிக்கு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை கிடைத்து நாங்கள் இங்கிலாந்து போனபோது, இருபது வருஷம் ஸ்பேனர் பிடித்த கைக்கு அங்கே ஒரு காகிதமும் சாட்சி சொல்லவில்லை. பஸ் டிப்போவில் துப்புரவு வேலைதான் கிடைத்தது. வாரத்தில் ஐந்து நாள், சீட்டுக்கு அடியில் சிந்திய சிப்ஸைப் பொறுக்குகிறேன். ஒரு சனிக்கிழமை அந்தக் கொட்டகையைத் தாண்டிப் போகும்போது ஒரு இன்ஜின் ஓடும் சத்தம் கேட்டது. ஒரு சிலிண்டர் அடிக்கவில்லை. வேலி ஓரம் நின்று, உள்ளே இருந்தவரிடம் விரலை நீட்டி "ஒன் இஸ் நாட் வொர்க்கிங்" என்றேன். அவர் பெயர் ஜெஃப், முன்னாள் தபால்காரர். ஏதும் கேட்காமல் கேட்டைத் திறந்துவிட்டார். அந்த நாட்டில் என்னை மெக்கானிக்காகப் பார்த்த முதல் ஆள் அவர், இன்றுவரை ஒரே ஆளும் அவர்தான். உடம்பு எத்தனை அசந்திருந்தாலும் சனிக்கிழமை நான் போவது அதனால்தான்.

இப்போது மூன்று வார லீவில் உத்திரமேரூர் வந்திருக்கிறேன். நிலத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவேண்டும் என்று அங்கே சொல்லிவிட்டு வந்தேன். அது பொய். ஓடிவந்தேன் என்பதுதான் உண்மை. தம்பியிடம் இரண்டு நாள் மூச்சுவிடவில்லை. மூன்றாம் நாள், ஷெட்டில் ஒரு டிராக்டர் மட்கார்டு வேலைக்கு வந்தது. தணிகாசலம் அதைக் கையால் தடவிப் பார்த்து, அமுங்கியிருந்த இடங்களைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டான். எங்கள் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: இந்த இடத்தைத் தேய், பட்டி போடு, பெயிண்ட் அடி. யாரும் யாருக்கும் விளக்க மாட்டார்கள். அந்த வட்டத்தைப் பார்த்ததும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன். அப்படியே டயர்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னாணா ஆச்சு, மூஞ்சி ஒரு மாரி கீது?" என்றான்.

சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

அருங்காட்சியகத்தில் ஒரு கேரியர் இருக்கிறது. டாங்கியைவிடச் சின்னது, மேலே மூடி கிடையாது. இரும்புத் தொட்டி ஒன்றுக்கு இரண்டு பக்கமும் சங்கிலிப் பட்டை மாட்டியது போலிருக்கும். அதன் இன்ஜினை நான்தான் எட்டு மாதம் உட்கார்ந்து உயிர்ப்பித்தேன். இடையில் கோமதியின் டியூட்டி மாறியதால் இரண்டு சனிக்கிழமை போக முடியவில்லை. அந்த இரண்டு வாரத்தில் ஜெஃப், டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துச் சுவரில், பிற்காலத்தில் அடித்த பெயிண்டை மருந்தில் நனைத்த பஞ்சால் ஒற்றி ஒற்றி ஒவ்வொரு அடுக்காக எடுத்திருக்கிறார். அடியில் பென்சில் எழுத்து தெரிந்தது. "ஷீலா, ஏழு பவுண்ட்." போரில் அந்த வண்டியை ஓட்டியவருக்கு, வீட்டில் மகள் பிறந்த கடிதம் வந்திருக்கிறது. பெயரையும் எடையையும் கண்ணெதிரில் எழுதிவைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார். திரும்பி வந்தபின் போரைப் பற்றி வீட்டில் வாயே திறக்காத மனிதராம். ஷீலா இன்னும் இருக்கிறார், எண்பது தாண்டிவிட்டது. வண்டியின் நம்பரை வைத்து ஜெஃப் அவரைத் தேடிப்பிடித்து, பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாளில் வந்து அப்பாவின் கையெழுத்தைப் பாருங்கள் என்று கடிதம் போட்டுவிட்டார். படம் எடுப்பவர் அடுத்த வாரம் வருவதாக இருந்தது. ஜெஃப்பிடம் இருப்பது படம் எடுக்க வராத பட்டன் போன். அதுவரை யாரும் கைவைக்கக் கூடாதென்று எழுத்தைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்தார்.

இது எதுவும் தெரியாமல் மூன்றாம் சனிக்கிழமை நான் போனேன். "டிரைவர் பக்கம் கொஞ்சம் சுத்தம் செய்துவிடு" என்று சொல்லிவிட்டு ஜெஃப் டீ போடப் போனார். உள்ளே இறங்கிப் பார்த்தேன். வட்டம் இருந்தது, வட்டத்துக்குள் மங்கலாக ஏதோ கறை இருந்தது. மேற்கொண்டு யோசிக்க எனக்கு என்ன இருக்கிறது? முரட்டு உப்புத்தாளை எடுத்தேன். இரும்பு வெள்ளையாகப் பளிச்சிடும்வரை தேய்த்து, துணியால் துடைத்து, துரு ஏறக்கூடாதே என்று ஒரு கை செங்காவி ரெட் ஆக்சைடு பெயிண்டும் அடித்துவிட்டேன். நல்ல வேலை செய்த திருப்தியில் விசில் அடித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஷெட்டில் இப்படி ஒன்று நடந்தால் ஸ்பேனர் பறக்கும், அப்பன் பாட்டனெல்லாம் இழுபடுவார்கள், அரைமணி நேரத்தில் டீ சொல்லிச் சமாதானமாகிவிடும். ஜெஃப் கையில் இரண்டு கோப்பையோடு வெகுநேரம் நின்றார். பிறகு "ரைட்" என்றார். விஷயத்தை மெதுவாகச் சொன்னார். "சொல்லாதது எங்கள் தப்பு. கவலைப்படாதே" என்றார். என் கோப்பையை என்னிடம் கொடுத்துவிட்டுத் தன்னுடையதைக் குடிக்காமல் ஊற்றினார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என்ன எழுதியிருந்தது என்று தெரியுமே, நானே பென்சிலால் திரும்ப எழுதிவிடுகிறேன் என்று கெஞ்சினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நோ. அது அப்படியே இருக்கட்டும்" என்றார். அன்று சாயங்காலம் ஷீலாவுக்குப் போன் செய்தார். சுத்தம் செய்யும்போது நாங்கள் அதை இழந்துவிட்டோம் என்று சொன்னாராம். நாங்கள் என்ற சொல்லுக்குள் என்னை ஒளித்துவைத்துவிட்டார். அடுத்த வாரமே நான் டிப்போவில் லீவ் எழுதிக்கொடுத்தேன்.

கேட்டுவிட்டுத் தணிகாசலம் சிரித்தான். "இதுக்கா இம்மாம் பேஜாரு? சம்பளமும் இல்ல, வண்டியும் நம்முது இல்ல. நம்ம பெயிண்டர் மூர்த்தி கைல ஒரு வார்த்த சொன்னா, வெள்ளக்காரன் பென்சில்ல எழுதுன மாரியே எழுதிக் குடுப்பான். தேருக்குப் புதுசா பெயிண்ட் அடிக்கலயா, சாமி கோச்சிக்கினு பூட்சா?"

அவன் கேட்டதில் தப்பில்லை. பெயிண்ட் போனால் திரும்ப அடிப்போம், கை உடைந்த சிலைக்குக் கை வைப்போம், அது மறுபடியும் நம்முடையதாகிவிடும். அங்கே காயத்தைக் காயமாகவே வைத்திருக்கிறார்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நான் பிறந்தது, ஆயிரம் வருஷத்துக்கு முன் கோயில் சுவரில் வெட்டிய எழுத்தைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் கார் வைத்துக்கொண்டு வரும் ஊர். அந்தச் சுவரில் சாய்ந்து எத்தனையோ நாள் வேர்க்கடலை தின்றிருக்கிறேன். ஒரு வரி படித்ததில்லை.

அங்கே பொதுமக்களுக்குத் திறந்துவிடும் சனிக்கிழமை வந்தது. இங்கே மத்தியானம் மூன்றரை, வெயில் தகரத்தைப் பிளந்துகொண்டிருந்தது. மட்கார்டுக்குச் சொந்தக்காரர் வந்து உட்கார்ந்து, "தம்பி, சாய்ந்தரத்துக்குள்ள குடுத்துடுவியா?" என்று நாலாவது தடவையாகக் கேட்டார். என் போன் அடித்தது. தெரியாத இங்கிலாந்து நம்பர், வீடியோ அழைப்பு. எடுத்தால், திரை நிறைய ஒரு வயதான அம்மாள். வெள்ளை முடியை ஒட்ட வெட்டி, ஊதா நிறத்தில் கம்பளிச் சட்டை போட்டிருந்தார். பின்னால் தெரிந்த இரும்புச் சுவரை எனக்குத் தெரியாதா? கேரியரின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"நான் ஷீலா. ஜெஃப் உங்கள் நம்பரைக் கொடுத்தார். இந்த இன்ஜினை ஓடவைத்தது நீங்கள்தானாமே?" என்றார். "என்னை வைத்து மைதானத்தை ஒரு சுற்று சுற்றினார்கள். அப்பா கேட்ட சத்தத்தை நானும் கேட்டேன். நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன்."

நன்றியை வாங்கிக்கொண்டு போனை வைத்துவிட்டால் முடிந்தது. அடுத்த மாதம் போய், நோட்டில் பெயரை எழுதிவிட்டு, பழையபடி மெக்கானிக்காகவே இருக்கலாம். உண்மையைச் சொன்னால், 'நாங்கள்' என்று மூடிவைத்த ஜெஃப்பையும் காட்டிக்கொடுத்ததாகும்; அந்தக் கேட் எனக்கு மறுபடி திறக்குமா என்று தெரியாது. தணிகாசலத்துக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது, ஆனால் என் முகம் தெரியும். பக்கத்தில் வந்து கிசுகிசுத்தான்: "நெட்டு கட்டாயிட்ச்சின்னு வச்சிடுணா. யாரு கேக்கப் போறாங்க?"

"மேடம்," என்றேன். "அந்த எழுத்தை அழித்தது நான்தான். ஜெஃப் இல்லை. நான் ஒருத்தன்தான். உப்புத்தாளால் தேய்த்துவிட்டேன். சாரி."

திரையில் அவர் அசையவில்லை. நெட் உண்மையிலேயே நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். பின்னால் ஒரு குழந்தை பலூனோடு நடந்துபோனது. நெட் இருந்தது.

"படித்தீர்களா?" என்று கேட்டார்.

"இல்லை. படித்திருந்தால் தேய்த்திருக்க மாட்டேன்."

"என்ன எழுதியிருந்தார் என்று ஜெஃப் சொன்னார். எப்படி எழுதியிருந்தார் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைசியாக அதைத் தொட்டவர் நீங்கள்." குரலில் கோபமா துக்கமா என்று எனக்குப் புரியவில்லை. அவர்கள் குரலில் எது என்ன என்று கண்டுபிடிக்க எனக்கு இன்னும் வரவில்லை. "ஏதாவது சொல்லுங்கள்."

கண்ணுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. ஆனால் தேய்த்தவன் கைக்கு அளவு தெரியும். ஷெட்டின் நடுவில் நின்றுகொண்டு வெறும் காற்றில் கையை அசைத்துப் பார்த்தேன். மட்கார்டுக்காரர் வாயைப் பிளந்து பார்த்தார். "நாலு விரல் உயரம்," என்றேன். "நீளம் ஒரு சாண், இதோ, இவ்வளவு. நேராக இல்லை. வலது பக்கம் போகப்போக மேலே ஏறும். லேசாகத்தான் எழுதியிருந்தார், சீக்கிரம் போய்விட்டது. ஒரே ஒரு இடம் மட்டும் போகவில்லை. பென்சில் பெயிண்டைக் குத்திக்கொண்டு இரும்புவரை இறங்கியிருந்தது. அங்கே மட்டும் அழுத்தித் தேய்க்கவேண்டியிருந்தது."

"எங்கே?"

"கடைசியில். எல்லாம் முடிகிற இடத்தில்."

அந்த அம்மாள் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். கையை எடுத்து, "முற்றுப்புள்ளி," என்றார். "அப்பா முற்றுப்புள்ளி வைக்கமாட்டார், குத்துவார். பள்ளிக்கூடத்துக்கு அவர் எழுதித் தந்த லீவ் லெட்டரிலெல்லாம் ஓட்டை இருக்கும். டீச்சர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சிரிப்பார்." அழுகிறாரா சிரிக்கிறாரா என்று இந்த முறை எனக்குப் புரிந்தது. இரண்டும்தான்.

போனை இடதுகைக்கு மாற்றிக்கொண்டு சுவர்ப் பக்கம் காட்டினார். நான் அடித்த செங்காவி அப்படியே இருந்தது. அதன்மேல் ஒரு சுருங்கிய விரல் வந்து நின்றது. "இங்கேயா?"

"இல்லை, ரைட் பக்கம்."

"இங்கே?"

"கொஞ்சம் மேல. இன்னும் மேல," என்று தமிழில் சொல்லிவிட்டேன். விரல் சரியாக மேலே ஏறியது.

"அங்கதான்," என்றேன்.

அவர் விரலை எடுக்கவில்லை. தணிகாசலம் என் தோளைத் தொட்டு "இன்னா சொல்றாங்க?" என்றான். திரையில் அதே இடத்தின்மேல் நானும் விரலை வைத்து அழுத்திக்கொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தேன். அங்கே மேகமூட்டம், அந்த இரும்பு சில்லென்றிருக்கும். என் விரலுக்கடியில் கண்ணாடி சுட்டது.