ஐந்தில் ஒரு பங்கு

வில்னா நகரத் தையற்காரர் கெட்செல், கேட்டவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாதவர். தானம் ஒருவரின் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, கொடுத்தவரே கையேந்தும் நிலை வரலாகாது என்பது யூதப் பெரியோர் வகுத்த விதி. அவ்வாண்டு அவர் அந்த எல்லையை எட்டிவிட்டார்.

அன்று மாலை கடுங்குளிரிலும் எதிர்வீட்டுச் சுந்தெலின் புகைபோக்கியில் புகை இல்லை. உள்ளே மூன்று குழந்தைகள். கெட்செலுக்கு இருப்புக்கொள்ளவில்லை, சன்னலுக்கும் அடுப்புக்குமாக நடந்தார்.

"ஒரே ஒரு கட்டு விறகு, ஹிந்தே. யாருக்குத் தெரியப்போகுது?"

"போன வருஷம் நீங்க வாரிக் குடுத்ததுல, நம்ம பொண்ணு குளிர்ல செத்துப் பொழைச்சாளே! நம்ம மதகுரு ரப்பி சொன்ன அளவு மறந்துபோச்சா?" என்றாள் மனைவி. "அவ்வளவு இரக்கம்னா அவங்களை இங்க கூட்டிட்டு வாங்க. நம்ம அடுப்பு எரியத்தானே செய்யுது."

"அவனையா? வாயைத் திறந்தா என் தையலைத்தான் கிண்டல் பண்ணுவான்!"

"அப்போ விறகு குடுப்பீங்க, ஆள் மட்டும் ஆகாது."

விறகை வாசலில் போட்டுவிட்டுத் திரும்புவது கெட்செலுக்கு எளிது. அந்த மனிதரை விடியும்வரை எதிரே உட்காரவைப்பதுதான் முடியாத காரியமாக இருந்தது. இருமுறை கதவுவரை சென்று திரும்பினார். மூன்றாம் முறை, மேலங்கிகூட அணியாமல் பனியில் இறங்கி, எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்.

"என்ன கெட்செல், உனக்கு ஒரு கோட்டு தைச்சுக்கத் தெரியலையா?" என்றார் சுந்தெல்.

"குழந்தைங்களைத் தூக்கிட்டு வாடா" என்றார் கெட்செல், பல்லைக் கடித்துக்கொண்டு.