பலகைக் கடையைப் பத்தி விசாரிக்க வந்தவங்க

எங்க தெருவுல ஒரு கடை இருக்குது. கடல் அலை மேல பலகை போட்டு நின்னுக்கினு போறாங்களே, அந்தப் பலகையை விக்கற கடை, ஒடைஞ்சா ரிப்பேரு பண்ற கடை. கள்ளக்குறிச்சியில. கச்சிராப்பாளையம் ரோட்டுல இருந்து உள்ள திரும்பினா மொதல்ல பஞ்சர் கடை, அடுத்தது டீக்கடை, அதுக்கு எதிர்ல இது. கடலு இங்கேருந்து கெழக்கால ரொம்ப தூரம். காலையில பஸ் ஏறினா கடலூரு போய்ச் சேர்றதுக்குள்ள வெயிலு ஏறிடும். என் ஆயுசுல ஒரே ஒரு தரம் கடலைப் பாத்திருக்கறேன். மாசி மகத்துக்குப் போனது. காலு நனைக்கலாம்னு செருப்பைக் கழட்டி வெச்சேன். திரும்பி வந்து பாத்தா ஒண்ணு தான் இருந்துது. ஒத்தைச் செருப்பை எடுத்துக்கினு போனவன் அத்த வெச்சிக்கினு இன்னா பண்ணுவான்னு பஸ்ல வர்ற வழியெல்லாம் யோசிச்சிக்கினே வந்தேன். இன்னிக்கும் தெரியல.

கடைக்காரத் தம்பிக்கு முப்பது வயசுக்குள்ள இருக்கும். பாண்டிச்சேரிக்கு ஓட்டல் வேலைக்குன்னு போனான். அங்க கடற்கரையில பலகை ஓட்டறவங்களோட சேந்து ஓட்டக் கத்துக்கினான், அப்புறம் ஒடைஞ்சதைச் சரி பண்ணவும் கத்துக்கினான். அவுங்கப்பா தவறினதுக்கு அப்புறம் இங்க இருக்கற கடை சும்மா பூட்டிக் கெடந்துது. சொந்தக் கடை, வாடகை கெடையாது. அம்மாவும் ஒண்டியா இருக்கறாங்க. பலகை தான் பஸ் மேல ஏறி வருதே, எங்க இருந்து ஒட்டினா இன்னான்னு வந்துட்டான். அவன் சொன்னது சரி தான். நான் கரும்பு வண்டி ஓட்டின ஆளு. மில்லு ஒரு எடத்துல, கரும்பு ஒரு எடத்துல. நடுவுல எம் மாடு தான் நடந்துது.

கடைக்குப் பேரு இங்கிலீசுல எழுதி இருக்குது. எனக்குப் படிக்கத் தெரியாது. தெருவுல எல்லாரும் பலகைக் கடைன்னு தான் சொல்றது.

பலகை ஒட்டறதுக்கு பசை மாதிரி ஒண்ணு ஊத்தி, மேல வலைத்துணி மாதிரி ஒண்ணு போட்டு, காஞ்சதும் உப்புத்தாளு வெச்சித் தேய்க்கறான். கல்லு மாதிரி ஆயிடுது. இத்தப் பாத்துட்டு டீக்கடைக்கார அம்மா ஓட்டையான தண்ணி டேங்கைக் கொண்டாந்துது. ஒட்டிக் குடுத்தான். அப்புறம் காலு ஒடைஞ்ச நாற்காலி வந்துது, மாட்டுத் தொட்டி வந்துது, வண்டி மட்கார்டு வந்துது. கூத்து ஆடறவங்க கிரீடம் ஒண்ணு கூட வந்துது. பலகை ரிப்பேருக்கு வந்த வெள்ளைக்காரரு ஒருத்தரு பஞ்சர் கடைக்காரரோட பக்கெட்டு முடியட்டும்னு காத்துக்கினு இருந்தாரு. அவரு கோச்சிக்கல. டீக்கடையில போண்டா சாப்ட்டாரு. வயித்துக்கு ஒண்ணும் ஆவல.

மெழுகு வேற இருக்குது. பலகை வழுக்கும், அதனால காலு வெக்கற எடத்துல மெழுகு தேய்க்கணுமாம். கல்வராயன் மலையில இருந்து ஒருத்தரு தேன்மெழுகு கொண்டாருவாரு. சாமை, தேனு விக்க கீழ எறங்கற நாள்ல மெழுகை இங்க போட்டுட்டுப் போவாரு. தம்பி அத்த தேங்காண்ணை ஊத்திக் காய்ச்சி, டீக்கடை அம்மாவோட பழைய இட்லித் தட்டுல ஊத்துவான். இட்லி மாதிரியே வரும். ஒரு தரம் ஆறட்டும்னு டீக்கடைப் பக்கம் வெச்சிருந்ததை ஒரு லாரி டிரைவரு எடுத்துட்டாரு. சட்னி கேட்டாரு.

இப்பிடியே நல்லா தான் போய்க்கினு இருந்துது. தம்பிக்குப் பொண்ணு தான் அமையல.

நம்ம பக்கம் பொண்ணு குடுக்கறதுக்கு முன்னாடி விசாரிப்பாங்க. சொல்லாம வந்து, மாப்பிள்ளை கடைக்குப் பக்கத்துல டீ குடிச்சி, அக்கம் பக்கத்துல வாயைக் கெளறுவாங்க. ஏற்கெனவே ரெண்டு வூட்டுக்காரங்க அப்பிடி வந்தாங்க. நாங்க உள்ளதை உள்ளபடி சொன்னோம், கடல்ல நிக்கற பலகை விக்கறான்னு. ரெண்டு வூட்டுக்காரங்களும் டீயைப் பாதியில வெச்சிட்டுப் போயிட்டாங்க. கடலே இல்லாத ஊர்ல கடல் சாமான் விக்கறவனுக்குப் புத்தி சரியில்லன்னு ஒரு வூட்ல சொன்னதா காதுல விழுந்துது. தம்பி அன்னிக்கி ஒரு பலகையை ரொம்ப நேரம் தேய்ச்சான்.

மூணாவது வந்தது களமருதூருப் பொண்ணு. இது மத்தது மாதிரி இல்ல. திருக்கோவிலூருல ஒரு கல்யாணத்துல ரெண்டு பேரும் பாத்துப் பேசி இருக்கறாங்க. அப்புறம் போன்லயும் பேச்சு. பொண்ணு கட்டினா இவரைத் தான்னு வூட்ல சொல்லிடுச்சி. பொண்ணோட அப்பா நெல்லு வெக்கறவரு. விசாரிச்சிட்டுச் சொல்றேன், சரியில்லன்னா நைனார்பாளையத்துல ரைஸ் மில்லு வெச்சிருக்கற மாப்பிள்ளை காத்துக்கினு இருக்கறாரு, ஆவணியில முடிச்சிடுவேன்னு சொல்லிட்டாரு. இத்தத் தம்பி என்னாண்ட சொல்றப்ப மூஞ்சி சுண்டிப் போயிருந்துது. ரைஸ் மில்லுக்கு எதிர்ல பலகை நிக்காதுன்னு எனக்கும் தோணுச்சி.

அந்த அப்பா வந்தாரு. விசாரிக்க வர்றவங்களைப் பாத்த ஒடனே தெரிஞ்சிடும். சும்மா நாள்ல வெளுத்த வேட்டி கட்டி இருப்பாங்க. டீயை வாங்கிக்கினு டீயைப் பாக்க மாட்டாங்க. எதிர்ல இன்னா கடைன்னு டீக்கடை அம்மாவைக் கேட்டாரு. பழைய ரெண்டு வூடும் போனது அந்த அம்மா மனசுல இருந்துது. பைபர் கதவு செய்யறாரு, பாத்ரூம் கதவு, நல்ல ஓட்டம்னு சொல்லிடுச்சி. அவரு டீயை முடிச்சிட்டு வண்டிக்குக் காத்து புடிக்கற மாதிரி பஞ்சர் கடைக்குப் போனாரு. பஞ்சர் கடைக்காரரு படகு செய்யற கடைன்னாரு. மழை வெள்ளம் வந்தா கெவர்மெண்டுக்காரங்க இங்க தான் வாங்கறாங்கன்னு சேத்து வேற சொன்னாரு. அப்புறம் என்னாண்ட வந்தாரு. நான் வேப்பமரத்துக்குக் கீழ ஒக்காந்திருந்தேன். இவங்க ரெண்டு பேரும் இன்னா சொன்னாங்கன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? எம் பொண்ணு வூட்ல துணி தேய்க்கற பலகை ஒண்ணு இருக்குது, பாக்கறதுக்கு அதே ஜாடை தான். இஸ்திரி போடற பலகைங்க, பெரிய எடத்துக்கெல்லாம் போவுதுன்னேன்.

அவரு தலையை ஆட்டிக்கினாரு. நேரா கடைக்குள்ள போனாரு. நானும் பின்னாடியே போனேன். தம்பி யாரோ கஸ்டமருன்னு நெனைச்சிக்கினு வாங்கன்னான். அவரு சொவத்துல சாத்தி வெச்சிருந்த பலகைங்களை ஒவ்வொண்ணா பாத்தாரு.

"இதுல எது கதவு?"ன்னாரு.

தம்பி, கதவான்னு கேட்டான்.

"எது படகு? எது இஸ்திரிப் பலகை?"

நான் வெளிய வந்துட்டேன். தம்பி உள்ளதைச் சொன்னான்னு அப்புறம் தெரிஞ்சிது. அலை, பலகை, நிக்கறது, எல்லாத்தையும். அவரு கேட்டுட்டு வண்டியை எடுத்துக்கினு போயிட்டாரு. வண்டிக்கு அடைச்ச காத்து ஜாஸ்தி ஆயிடுச்சின்னு பஞ்சர் கடைக்காரரு கவலைப்பட்டாரு.

அன்னிக்கி சாயந்தரம் டீக்கடையில எல்லாரும் கூடினோம். தம்பி கோவமா பேசல, அது தான் கஷ்டமா இருந்துது. யாரு உங்களைச் சொல்லச் சொன்னதுன்னு மட்டும் கேட்டான். டீக்கடை அம்மா, நல்லது நெனைச்சித் தாண்டான்னுது. இனிமே யாரு வந்து கேட்டாலும் உண்மையைச் சொல்றது, அதுவும் எல்லாரும் ஒரே மாதிரி சொல்றதுன்னு முடிவாச்சி. பஞ்சர் கடைக்காரரு ரெண்டு தரம் சொல்லிப் பாத்துக்கினாரு.

கொஞ்ச நாள் கழிச்சி பொண்ணோட தாய்மாமன் வந்தாரு. மச்சான் பாத்துட்டு வந்தது போதாதுன்னு அவரே ஒரு தரம். டீக்கடையில கேட்டாரு, கடல் அலை மேல நிக்கற பலகைன்னுது. பஞ்சர் கடையில கேட்டாரு, கடல் அலை மேல நிக்கற பலகை. மெழுகு கொண்டாந்த மலைக்காரரு எதிர்ல வந்தாரு, அவரையும் நிறுத்திக் கேட்டாரு. அவரும் கடல் அலை மேல நிக்கற பலகைன்னுட்டு, வழுக்காம இருக்கறதுக்கு என் மெழுகு தான்னாரு. கடைசியா என்னாண்ட வந்து குந்துனாரு.

"எல்லாத்துக்கும் சொல்லிக் குடுத்து வெச்சிருக்கீங்க"ன்னாரு. "ஒரு எழுத்து மாறல."

நான் இன்னா சொல்லுவேன்? பொய் சொன்னப்ப ஆளுக்கொண்ணா சொன்னோம்னு ஒருத்தரு போனாரு. உண்மையைச் சொன்னா ஒரே மாதிரி இருக்குதுன்னு இன்னொருத்தரு போவப் போறாரு. எனக்கு வேற வழி தெரியல. பரம்பு ஓட்டி இருக்கறீங்களான்னு கேட்டேன். நடவுக்கு முன்னாடி சேறு சமம் ஆவறதுக்கு மாட்டுக்குப் பின்னால ஒரு பலகை கட்டுவோம், பாரத்துக்கு ஆளு அது மேல ஏறி நிக்கணும், அது தான் பரம்பு. ஓட்டாம இருப்பனான்னு அவரு சிலுப்பிக்கினாரு. இப்பவும் எங்க வூட்ல ஜோடி மாடு இருக்குது, டிராக்டருகாரன் மூலை முடுக்கெல்லாம் விட்டுட்டுப் போயிடறான், அங்க நான் தான் ஓட்டறேன்னாரு.

அதே தாங்க இது, மாட்டுக்குப் பதிலா அலை இழுக்குதுன்னேன்.

அவரு யோசிச்சாரு. "யாரு நெலத்துக்கு?"

"யாரு நெலத்துக்கும் இல்ல."

"பின்ன எதுக்கு?"

அது எனக்கும் தெரியல. தம்பியைக் கூப்ட்டேன். தம்பி வந்து, சும்மா நல்லா இருக்கும் மாமான்னான். மாமான்னு வாயில வந்துடுச்சி. அவரு அவனை ஏற எறங்கப் பாத்தாரு. ஞாயித்துக்கெழமை சேடை ஓட்டி, சேறு கலக்கி கழனி தயாரா இருக்கும், ஒரு பலகையை எடுத்துக்கினு வா, நின்னு காட்டுன்னுட்டுப் போயிட்டாரு.

போனோம். தம்பி, அவுங்கம்மா, பெரிய ஆம்பிளைன்னு நானு. பலகையைத் துணியில சுத்தி பஸ் மேல ஏத்தினோம். கண்டக்டரு பொணமான்னு கேட்டாரு, இல்லன்னோம். களமருதூருல எறங்கினா கழனி வரப்பு முழுக்க சனம். மாமன் யாருக்கும் சொல்லலன்னாரு. பொண்ணு, அவுங்கம்மாவுக்குப் பின்னாடி நின்னுக்கினு இருந்துது. முந்தானையைச் சுருட்டிக்கினே இருந்துது. அப்பாக்காரரு தள்ளி மோட்டாரு கொட்டாயாண்ட நின்னுக்கினு இருந்தாரு.

மாடு ரெண்டும் நல்ல மாடு. எடது பக்கம் கட்டின எடத்து மாடு கொஞ்சம் சோம்பேறி, காதைப் பாத்தாலே தெரியும். எங்கிட்ட அப்பிடி ஒண்ணு இருந்துது, மில்லு வாசல்ல வண்டி வரிசையில நிக்கறப்போ நின்னுக்கினே தூங்கும். அத்தச் சொல்லலாம்னு பாத்தேன், அங்க யாரும் கேக்கற மாதிரி இல்ல. பலகைக்கு அடியில மீனோட துடுப்பு மாதிரி மூணு இருக்கும். சேத்துல மாட்டும்னு தம்பி அத்தக் கழட்டினான். மாமன் கயிறு கட்டி மாட்டை முடுக்கினாரு.

தம்பி ஏறி நின்னான். நாங்க பரம்புல நிக்கறப்ப மாட்டு வாலைப் புடிச்சிக்குவோம். அவன் எத்தையும் புடிக்கல. முட்டியை மடக்கி, கை ரெண்டையும் நீட்டிக்கினு, பக்கவாட்டா நின்னான். அந்த வரப்பு வரைக்கும் சும்மா வழுக்கிக்கினு போனான். பரம்புல ஏறினா யாரா இருந்தாலும் ஏதாவது கத்திக்கினு இருப்பாங்க, இவன் தன் பாட்டுக்குப் போனான். திரும்பற எடத்துல எடத்து மாடு நின்னுடுச்சி, வலத்து மாடு நிக்கல. பலகை ஒரு பக்கம் போச்சி, தம்பி ஒரு பக்கம் போனான். மூஞ்சி குப்புற.

எழுந்தப்ப கண்ணு மட்டும் தான் தெரிஞ்சிது. பொண்ணு வாயைப் பொத்திக்கினு சிரிச்சிது. தம்பி அந்தப் பக்கம் பாத்து சிரிச்சான், பல்லும் தெரிஞ்சிது. அப்புறம் பலகையைத் தூக்கிப் போட்டு மறுபடியும் ஏறி நின்னான். மாமன் மாட்டை முடுக்கினாரு.

அப்பாக்காரரு மோட்டாரு கொட்டாயில இருந்து நடந்து வந்தாரு. கழனியைப் பாத்தாரு, பலகை போன தடத்தைப் பாத்தாரு. லேசா இருக்குது, சேறு அழுந்தவே இல்ல, இது வேலைக்கு ஆவாதுன்னு மச்சானாண்ட சொன்னாரு. மச்சானும் ஆவாதுன்னாரு. அப்பாக்காரரு அப்புறம் என்னாண்ட வந்தாரு.

"இஸ்திரி போடறவரே"ன்னாரு. "அந்தத் தெருவுல நீங்கல்லாம் இந்தப் பையனுக்குச் சொந்தமா?"

இல்லைங்கன்னேன். டீக்கடைக்காரம்மாவும் இல்ல, பஞ்சர் கடைக்காரரும் இல்ல, சும்மா எதிர்ல எதிர்ல இருக்கறோம்னேன்.

"சொந்தம் இல்லாமயா அவ்ளோ பொய்யி?"

ஆமாங்கன்னேன். அவரு போயி மோட்டாரைப் போட்டு விட்டாரு, தம்பி கொழாயடியில நின்னு கழுவிக்கினான். பொண்ணு துண்டு கொண்டாந்து அவுங்க மாமன் கையில குடுத்துது, மாமன் வாங்கி தம்பியாண்ட குடுத்தாரு.

பொண்ணு கேட்டு வந்த எடத்துல காப்பி குடிக்கலாம், முறுக்கு திங்கலாம். சோறு மட்டும் சம்மதம்னு பேச்சி முடியாம போட மாட்டாங்க, போட்டாலும் நம்ம ஆளுங்க கை வெக்க மாட்டாங்க. நாங்க வந்ததுல இருந்து காப்பி தான் ரெண்டு தரம் வந்துது. நான் பஸ்ஸுக்கு நேரம் ஆவுதேன்னு துண்டை ஒதறித் தோள்ல போட்டேன். அதுக்குள்ள வூட்டுக்கார அம்மா உள்ளேருந்து எலைக்கட்டைக் கொண்டாந்து வெச்சிது. அப்பாக்காரரு அவரே ஒரு எலையைப் பிரிச்சி, தண்ணி தெளிச்சி, தம்பிக்கு எதிர்ல போட்டாரு. தம்பியோட அம்மா கண்ணைத் தொடைச்சிக்கினாங்க. எனக்கும் ஒரு எலை விழுந்துது.

கத்திரிக்காக் கொழம்பு. உப்பு கம்மி. நான் நல்லா இருக்குதுன்னு சொல்லி இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொன்னேன்.