பூசணம் பூத்த சோளம்

எலிசாளின் மூக்கை ஏமாற்றிய மூட்டை சாலைக் கடைத்தெருவுக்கு இன்னும் வந்ததில்லை. பாறசாலையிலிருந்து ரயிலேறி வந்து, இருபத்திரண்டு வருடமாகச் சுயம்புலிங்கத்தின் தானியக் கடையில் புடைக்கிறாள். சுளகுக்குக் கொடுக்கும் மரியாதையை அவள் முதலாளிக்குக் கொடுத்ததில்லை. ஊரெல்லாம் கலப்படம் என்று டீயைக்கூடத் தொடாமல், கரமனை ஷைலஜா தன் பசுவைக் கறந்து கொண்டுவரும் பாலை மட்டும் குடிக்கிற பெரிய சுத்தக்காரர் அவர்.

மழையில் நனைந்த மக்காச்சோளத்தில் பச்சையாகப் பூசணம் பூத்தபோது, அந்தச் சுத்தக்காரர் சொன்னார்: "காயவச்சு, எண்ணெய்த் துணியால தொடச்சு, மாட்டுத் தீவனமா வித்துரு."

"பூசண வெஷம் பால்ல எறங்குமாம், மொதலாளி. காய்ச்சினாலும் போவாதாம். மாட்டாஸ்பத்திரி டாக்டரு சொன்னாரு."

"குடிக்கியவன் பாத்துக்கிடட்டும். நீ ஒனக்க சோலியப் பாரு."

எலிசாள் அந்தச் சாக்குகளைத் தொடவில்லை. கணக்குப்பிள்ளைதான் துடைத்து விற்றார்.

பத்து நாள் கழித்து, பாதி டம்ளர் பாலைக் குடித்துவிட்டு முதலாளி கேட்டார்: "அந்தச் சோளம் போச்சா?"

"அப்பமே போச்சு. மொத்தமும் ஷைலஜாதான் கொண்டுபோனாளாம்" என்றாள் எலிசாள், சுளகிலிருந்து கண்ணெடுக்காமல். "மிச்சத்தையும் குடிங்க மொதலாளி, ஆறிப்போவும்."