நாலு இன்ஜின் விமானமும் ஒரே ஒரு சொல்லும்

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தபோது எங்கள் கார் ஷெட்டில் ஒரு குண்டுவீச்சு விமானம் முக்கால்வாசி முடிந்து நின்றது. உலகப் போரில் பறந்த நாலு இன்ஜின் விமானத்தின் சிறு வடிவம். சிறு வடிவம் என்று அவர்தான் சொல்வார். இறக்கையை மாட்டினால் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை வரும். எங்கள் கார் வருடக்கணக்கில் வேப்பமரத்தடியில் காக்காய் எச்சம் வாங்கிக்கொண்டிருந்ததற்கு அதுதான் காரணம்.

அவர் பேட்டர்ன் வேலைக்காரர். பவுண்டரியில் இரும்பை ஊற்றிப் பம்பு வார்ப்பதற்கு முன்னால் அதே வடிவத்தை மரத்தில் செய்து கொடுக்க வேண்டும், அந்த வேலை. கோயமுத்தூர் கணபதியில் இருந்த பட்டறையை மூடிய பிறகு சும்மா உட்காரத் தெரியாமல் இதை ஆரம்பித்தார். எறும்பு மொய்த்த சர்க்கரையை வெயிலில் வைத்து, எறும்பெல்லாம் போகும்வரை காப்பிக்குக் காத்திருக்கிற மனிதர். அவருக்குக் குண்டு போடுகிற விமானம் எதற்கு?

"யாரு தலைல போடப் போறீங்க?" என்று கேட்டேன்.

"பொறு அம்மணி. மொதக் குண்டு உனக்குத்தான்."

சொன்னபடி செய்தார். விமானத்தின் வயிற்றுக் கதவு திறந்து மூட ஆரம்பித்த அன்று, என்னைக் கூப்பிட்டு அடியில் முந்தானையை விரித்துப் பிடிக்கச் சொன்னார். ரிமோட்டை அமுக்கினார். கதவு திறந்தது, நாலு நெல்லிக்காய் வந்து விழுந்தன. அன்று அவர் சிரித்த சிரிப்பை நான் கல்யாண போட்டோவில்கூடப் பார்த்ததில்லை.

சக்கரங்கள் மடங்கும். துப்பாக்கிக் கூண்டுகள் சுழலும். உடம்பு முழுக்க ஆணித்தலைகள். ஊசி போடும் சிரிஞ்சில் பசையை நிரப்பிச் சொட்டுச் சொட்டாக வைத்தவை. மேலே போனால் இதெல்லாம் யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். எனக்குத் தெரியுமே என்றார். அந்த மாதிரி ஆளோடு வாதாடிப் பிரயோசனமில்லை.

ஒரு காலையில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தபோது பிரஷ் கீழே விழுந்தது, பிறகு அவர் விழுந்தார். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. சரிங்க.

பழக்கத்தில் ஊறிய சொல் சிலருக்கு இப்படித் தங்கிவிடும் என்றார் டாக்டர். ஆயுள் முழுக்க வாடிக்கையாளரிடமும் என் அப்பாவிடமும் பஸ் கண்டக்டரிடமும் அவர் அதிகம் சொன்னது அதுதான் போல. சாப்பிட்டீர்களா என்றாலும் சரிங்க, வலிக்கிறதா என்றாலும் சரிங்க. கூடவே தலையும் ஆடும். பார்க்க வந்தவர்களுக்குப் பரம திருப்தி. "நல்லாப் பேசறாருங்களே, எல்லாம் வெளங்குதுங்களே" என்று காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். முகம் ஒன்றைச் சொல்லப் பார்க்கும், வாய் சரிங்க என்னும். தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவரே திகைத்துப்போவார்.

அவருடைய தம்பிக்குப் பல்லடத்தில் விசைத்தறி. தங்கமான மனிதர், ஆனால் எதையும் ஆறப்போடத் தெரியாது. பாக்கி பெயிண்ட்டை ஆள் வைத்து முடித்தார். ஒருநாள் அண்ணன் முன்னால் வந்து குனிந்து, "அண்ணா, ஒருக்கா பறக்க உட்டுப் பாத்தரலாமுங்களா?" என்றார்.

"சரிங்க."

அவ்வளவுதான். சூலூரில் விமானப்படை இருப்பதால் அந்தப் பக்கம் கூடாது என்று, பொள்ளாச்சி தாண்டி உறவுக்காரர் ஒருவரின் தரிசுக் காட்டைப் பிடித்தார். அனுமதியும் வாங்கினார். ரிமோட் விமானம் ஓட்டிப் பழகிய ஒருவரையும் கோயமுத்தூரிலிருந்து கூட்டி வந்தார்.

அந்த ஓட்டுபவர் விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு சக்கர நாற்காலி முன்னால் கைகட்டி நின்று, "ஏனுங்க, பேலன்ஸ் எல்லாம் பாத்தாச்சுங்களா?" என்றார்.

"சரிங்க."

இறக்கைக்கு அடியில் விரலைக் கொடுத்துத் தூக்கினால் முன்பக்கம் கனமா பின்பக்கம் கனமா என்று தெரிந்துவிடும். ஓட்டுபவரும் அதற்காகக் கையைக் கொண்டுபோனார். தம்பி, "அண்ணன் வேலைல ஒரு நூல் பெசகாதுங்க" என்றார். போன கை திரும்பி வந்துவிட்டது. "அதுவும் சரிதானுங்க. பெரியவர் செஞ்சதை அவரு முன்னாலயே நாம சோதிச்சா நல்லாருக்காதுங்க." எங்கள் ஊர் மரியாதையை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது என் வீட்டுக்காரர் எழுந்திருக்க முயன்றார். தாங்கிப் பிடித்தேன். இடது கையை விமானத்தின் முன்முனையில் வைத்து அழுத்தினார். சரிங்க, சரிங்க என்று சொல்லிக்கொண்டே மறுபடி மறுபடி அழுத்தினார். வால் தரையிலிருந்து எழும்பி எழும்பி இறங்கியது.

"அண்ணன் ஆசீர்வாதம் பண்றாருங்க அண்ணி" என்று தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் தொட்ட இடத்திலேயே சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். சூடம் காட்டினார்.

எனக்கு ஏதோ உறுத்தியது. காதருகே குனிந்து, "ஏனுங்க, வேண்டாமுங்களா?" என்றேன். சரிங்க என்றார். "அப்ப உடச் சொல்லட்டுங்களா?" அதற்கும் சரிங்க. அதே குரல், அதே தலையாட்டல். கண்ணில் நீர் கட்டியிருந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து பார்த்துவரும் முகம். அதில் எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை.

நாலு இன்ஜினும் ஒன்றாகக் கிளம்பின. விமானம் ஓடிக்கொண்டே வாலைத் தூக்கியது. அது தரையை விடும் முன்பே என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். மற்றவர்கள் மேலே பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

அது முன்முனையைத் தூக்கிக்கொண்டே போனது. "கீழ எறங்க மாட்டேங்குதுங்க" என்று ஓட்டுபவர் ரிமோட்டோடு மல்லுக்கட்டினார். செங்குத்தாக நிமிர்ந்து, ஒரு கணம் அப்படியே நின்று, ஒரு பக்கமாகச் சரிந்து, பாறைக் கரட்டோரத்தில் விழுந்தது. விழுந்த சத்தம் பெரிதாக இல்லை, பலகை ஒடிகிற சத்தம்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவர் ஷெட்டைக் காட்டினார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனேன். மேசை இழுப்பறையை இடது கையால் திறந்து, துணிப் பொட்டலம் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். கனத்தில் என் கை கீழே இறங்கியது. உள்ளே ஈயம். முன்முனையின் உள்வளைவுக்கு இம்மி பிசகாமல் வார்த்துத் தேய்த்த வில்லைகள். முன்முனை லேசாகி மேலே ஏறிவிடாமல் இருக்க, பெயிண்ட் காய்ந்த பிறகு கடைசியாகத்தான் கனம் சரிபார்த்து உள்ளே வைக்க வேண்டும். அதற்காக எடுத்து வைத்திருக்கிறார். வாசலில் நின்ற தம்பி அதைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்து அழுதார். அவரை என்ன சொல்லித் திட்டுவது?

உடைந்ததையெல்லாம் தம்பி ஒன்றுவிடாமல் சாக்கில் பொறுக்கி வந்திருந்தார். ஷெட் மூலையில்தான் இருக்கிறது. போன வாரம் வந்தவர் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அண்ணா, நீங்க கைகாட்டுங்க, நான் ஒட்டறேன். மறுபடியும் கட்டிப்போடலாமுங்களா?"

"சரிங்க."

தம்பி முகம் மலர்ந்துவிட்டது. எனக்குத் தாளவில்லை.

"அவரைக் கேக்காதீங்க தம்பி."

"அப்பறம் ஆரைக் கேக்கறதுங்க அண்ணி? நீங்களே சொல்லுங்க."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கினார். கட்டச் சொல் என்று இறுக்கினாரா, அந்தச் சாக்கைக் கண்ணில் காட்டாதே என்று இறுக்கினாரா, எனக்குத் தெரியவில்லை. பிடித்த பிடியை அவர் விடவும் இல்லை.