பட்டாளத்துச் செம்பு அண்டா

சண்டை முடிந்து, பட்டாளத்தின் பழைய உலோகச் சாமான்களை வேலூரில் ஏலம் விட்டபோதுதான் அந்தப் பேரணாம்பட்டுத் தோல் வியாபாரியைப் பார்த்தேன். மருதாணிச் சிவப்பில் தாடி, தோளில் பச்சைத் துண்டு. விலையை மட்டும் வாயால் சொல்லவே மாட்டார். தோல் மண்டிக்காரர்களான எங்கள் எல்லாருக்கும் அதே வழக்கம்தான். துண்டுக்கடியில் விரலைப் பிடித்தே பேரம் பேசுவோம்.

லாடம், அங்கவடி, வாளி, ஒரு பெரிய செம்பு அண்டா எல்லாம் சேர்ந்து ஒரே குவியல்; பிரித்துத் தரமாட்டார்கள். தோல் பதனிடும் பட்டையைக் காய்ச்ச அந்த அண்டா இல்லாமல் ஆம்பூர் திரும்பினால், மாமனார் தொழிலை மச்சானிடம் கொடுத்துவிடுவார்.

ஏலத்துக்கு முன் பாய் என் கைமேல் துண்டைப் போட்டார்.

"இன்னா தம்பி, எதுவரைக்கும் போவே?"

துண்டு விழுந்ததும் என் விரல்கள் என்னைக் கேட்கவில்லை. நிஜமான கடைசி விலையைச் சொல்லிவிட்டன. ஏலத்தில்தான் பாய் முதல் தடவையாக விலையை வாயால் சொன்னார். என் விலைக்குமேல் ஒரே ஒரு ரூபாய் ஏற்றிக் குவியலை அள்ளிக்கொண்டார்.

"பாய், இது நியாயமா?"

"கேட்டேன், சொன்னே. திருடினேனா? பேஜார் ஆவாதே தம்பி. அண்டாவ நீயே எடுத்துக்க. நீ சொன்ன அதே விலை. ஒரு காசு ஜாஸ்தி கேட்டா இன்னான்னு கேளு."

கண் கலங்கிவிட்டது. பணத்தைக் கொடுத்து, அவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மாட்டுவண்டி பள்ளிகொண்டா தாண்டும்வரை அவர் குடும்பம் தழைக்க வேண்டிக்கொண்டே வந்தேன். அப்புறம்தான் உறைத்தது: அது முழுக் குவியலுக்கும் நான் வைத்திருந்த விலை. மிச்சமெல்லாம் அவருக்கு ஒரு ரூபாய்க்குக் கிடைத்திருக்கிறது!

திட்ட வாயெடுத்தேன். ஆனால் அவ்வளவு வேண்டுதலையும் எப்படித் திருப்பி வாங்குவதென்று இன்றுவரை தெரியவில்லை.