அடுத்த வீட்டில் விழும் நிழல்

கட்டப்போகும் வீட்டைக் கம்ப்யூட்டரில் அப்படியே எழுப்பிக் காட்டுவது என் பிழைப்பு. வீடு எப்படி இருந்தாலும் திட்டு விழுவதில்லை, அது அடுத்த வீட்டின்மேல் போடும் நிழலுக்குத்தான் பேச்சு வாங்க வேண்டியிருக்கிறது. இதே தொழிலில் இருப்பவர்களே, உங்களுக்கும் நடந்திருக்கும். சிரிக்காமல் படியுங்கள்.

அமெரிக்க வெயில்

லப்பைக்குடிக்காடு கமால் பாய் துபாயில் வேலை பார்ப்பவர். ஊரில் மச்சான் வீட்டுக்குத் தெற்கே மாடிவீடு கட்ட நினைத்தார். நான் அனுப்பிய படத்தை மச்சானுக்கும் அனுப்பிவைத்தார். அதில், உச்சி வேளையிலேயே புது வீட்டின் நிழல் மச்சான் வீட்டு வாசலையும் முருங்கை மரத்தையும் விழுங்கிக்கொண்டு கிடந்தது. "என் வூட்ட இருட்டாக்கத்தான் சம்பாதிச்சியா?" என்று மச்சான் கேட்க, இருவருக்கும் பேச்சு அறுந்தது.

லீவில் வந்த கமால் பாய், மச்சானையும் இழுத்துக்கொண்டு பெரம்பலூரில் என் ஆபீசுக்கே வந்துவிட்டார். படத்தைத் திறந்தேன். வீடு இருக்கும் ஊரை நான் குறிக்கவே இல்லை. சாஃப்ட்வேர் தன் பாட்டுக்கு அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊரின் தை மாத வெயிலை அடித்துக்கொண்டிருந்தது. ஊரை மாற்றியதும் நிழல் சுருங்கிக் காம்பவுண்டுச் சுவரோடு நின்றுகொண்டது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கமால் பாய் மெதுவாகச் சொன்னார்: "அமெரிக்கா நெழலுக்காக நாங்க பெருநாளைக்குக்கூட சலாம் சொல்லிக்கலையே, தம்பி."

மேற்கே விடிந்த வீடு

உடையார்பாளையத்தில் ஒரு டீச்சரம்மா. சமையலறையில் காலை வெயில் விழ வேண்டும் என்பது அவர் ஆசை. விழ வைத்தேன். படத்தைப் பார்த்தவர் சமையலறை ஜன்னலில் விரலை வைத்தார். அவர் கொடுத்த மனை வரைபடத் தாளின் மேல்பக்கம் ரோடு இருந்ததால் அதையே வடக்கு என்று நான் எடுத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அது தெற்கு. குரலை உயர்த்தாமல் கேட்டார்: "ஊருக்கெல்லாம் கிழக்கால விடியுது, எங்க வூட்டுக்கு மட்டும் மேற்கால விடியுமா சார்?"

சித்திரைப் படம்

இதைச் சொல்லத்தான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அரியலூரில் செல்வம் அண்ணன், லாரி வைத்திருப்பவர், இருந்த வீட்டின்மேல் மாடி எழுப்ப வேண்டும் என்றார். வடக்கு வீட்டு மல்லிகா அக்கா, தங்கள் வாசலில் வெயில் போய்விடுமே என்று தயங்கினார். "அவங்க மனசு ஒத்துக்குற மாதிரி ஒரு படம் காட்டுப்பா" என்றார் அண்ணன். எனக்குப் புரிந்தது. சூரியன் தலைக்கு நேரே நிற்கும் சித்திரை மதியத்தில் படத்தை வைத்தேன். அக்கா வாசலில் பொட்டு நிழல் இல்லை.

அண்ணன் ஆபீசுக்கு அழைத்துவந்த அக்கா, படத்தை உற்றுப் பார்த்தார். அவர் மாமனாருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. குளிர் மாதங்களில் காலை வெயிலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தால்தான் மடங்கிய விரல்கள் கொஞ்சம் நீளும். "மார்கழி காலைல எப்படி இருக்கும்?" என்று கேட்டார். மாதத்தை நகர்த்தினேன். வாசல் முழுக்கக் கறுத்தது. செல்வம் அண்ணன் சுவரைப் பார்த்தார். நான் மவுஸைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை. அக்கா கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எழுந்துகொண்டே சொன்னார்: "சித்திரையில யாருக்குத் தம்பி வெயில் வேணும்?"

மறுநாள்

வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டதாகச் சொல்லத்தான் செல்வம் அண்ணன் வருகிறார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, வாசல் பக்கம் வரைந்திருந்த மாடி அறையைப் பின்னால், மேற்கே தள்ளச் சொன்னார். தள்ளினேன். மார்கழிக் காலை வெயில், மாடி இல்லாத இடத்தின் வழியாக அக்கா வாசலில் போய் விழுந்தது. ரூம் சின்னதாகிவிட்டதே என்றேன். "பரவால்லப்பா, தெனம் காலைல கதவத் தொறந்தா அந்தக்கா மொகத்துலதான முழிக்கணும்."

நிழலில் உட்கார்ந்து சம்பாதிக்கிற வேலை என்று சொந்தக்காரர்கள் என்னைப் பற்றிப் பெருமையாகத்தான் சொல்கிறார்கள், அது யார் வாசல் நிழல் என்று கேட்காதவரை எனக்கும் பெருமைதான்.